ஒரு விரல் மிச்சம்

பன்றியின் காதை இரண்டு விரல்களால் பிடித்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் நெபெக்கர் வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்வான். சைக்கிளை வேலியில் சாய்க்கும்போதே அவன் கண் பலாமரத்தடியில் படுத்திருக்கும் தாய்ப்பன்றியிடம் போய்விடும். கழுத்து டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் குனிவான். காதைத் தொடுவான். "நல்லா இருக்கீங்களா?" என்பான். டோங்கா மொழியில் மரியாதைச் சொற்களை மட்டும்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் போலிருக்கிறது. குழந்தைக்கும் நாய்க்கும் பன்றிக்கும் அவனிடம் ஒரே 'நீங்க'தான்.

"அது என் பன்னி. எனக்கும் ஒரு வணக்கம் உண்டா, இல்ல அதோட சரியா?" வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் கெலெபி கேட்பார்.

"காது சில்லுன்னு இருந்தா உடம்பு சரியில்லைன்னு அர்த்தம், ஐயா. எங்க ஊர் மாட்டுக்கு அப்படி. பன்னிக்கும் அப்படித்தானான்னு பாக்கறேன்."

"பாத்து?"

"இன்னும் தெரியல."

ஒன்றரை வருஷமாகப் பார்க்கிறான். இன்னும் தெரியவில்லை என்பதை வருத்தமில்லாமல் சொல்கிறான். கெலெபிக்கு அவனிடம் முதலில் பிடித்தது அதுதான். பிடித்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

நெபெக்கருக்கு வயது இருபது. மார்மன் கிறிஸ்தவ சபை தன் பையன்களை இரண்டு வருஷம் ஊழியம் செய்ய வெளிநாட்டுக்கு அனுப்பி, சட்டைப் பையில் கறுப்பு அட்டை ஒன்றைக் குத்தி, 'மூப்பர்' என்று பட்டம் கொடுத்துவிடுகிறது. மீசை முளைக்காத மூப்பர்கள். டோங்காவின் இந்த ஃபோவா தீவில் அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. இங்கே பாதிக் குடும்பங்களில் ஒரு பையனாவது அப்படி எங்கேயோ போயிருக்கிறான். வெள்ளைச் சட்டை, டை, இடுப்பில் வேட்டி மாதிரிச் சுற்றிய கறுப்பு துபெனு, அதற்கு மேல் ஓலைப்பாய், அதை இறுக்கும் கயிறு. வந்த புதிதில் நெபெக்கர் பாயைக் கட்டிய விதத்தைப் பார்த்து, "யாருப்பா இது, சுருட்டி வெச்ச படுக்கை நடந்து வருது" என்றாள் கெலெபியின் மனைவி லுபே. அவளே அவிழ்த்துக் கட்டிவிட்டாள். இப்போது ஒழுங்காகக் கட்டுகிறான். ஆனால் கட்டி முடித்ததும் ஒருமுறை குதித்துப் பார்ப்பான்.

அவன் தனியாக வருவதில்லை, வரவும் கூடாது. கூட்டாளி ஒருவன் எப்போதும் பார்வைக்குள் இருக்க வேண்டும். இப்போதைய கூட்டாளி மஹே, தலைநகரத்துப் பையன். தடித்த உடம்பு, அடங்காத வாய். நெபெக்கர் கொல்லைக் கழிப்பறைக்குப் போனால் மஹே வெளியே நின்று பாட்டுப் பாடுவான். மஹே போனால் நெபெக்கர் நின்று பாடுவான். நெபெக்கர் பாடும் நாளில் கோழிகள் அந்தப் பக்கம் போகாது என்பது லுபேயின் கணக்கு.

"கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு. நாங்ககூட இப்படி ஒட்டிக்கிட்டு அலையல" என்பார் கெலெபி.

"நீ பாடினாத்தானே நான் வெளிய நிப்பேன்" என்பாள் லுபே.

அவன் பேச்சில் கெட்டிக்காரன் இல்லை. ஊழியத்துக்கு வருகிற பையன்களில் சிலருக்கு வாயைத் திறந்தாலே கேட்கிறவர் கண் கலங்கும். நெபெக்கர் பேசினால் கேட்கிறவர் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பார். பாதி வாக்கியத்தில் நின்று, சொன்னது சரிதானா என்று தனக்குள் பார்த்துக்கொண்டு, பிறகு மீதியைச் சொல்வான். ஒருநாள் கெலெபி அவனை மடக்கினார்.

"நீ சொல்றதெல்லாம் உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

மஹே முந்திக்கொண்டு, "தெரியும்!" என்றான்.

நெபெக்கர் யோசித்தான். "சிலது தெரியும். சிலது நம்பறேன். சிலது அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு ஆசைப்படறேன்."

"எது எதுன்னு சொல்லு பாக்கலாம்."

"அது வாரா வாரம் மாறுது, ஐயா."

மஹே தலையில் கை வைத்துக்கொண்டான். கெலெபி அன்று மாலைவரை அந்தப் பதிலை மென்றுகொண்டிருந்தார். நிச்சயத்தை விற்க வந்தவன், கையிருப்பு குறைவு என்று கடையிலேயே சொல்கிறான். இது முட்டாள்தனமா, வேறு ஏதாவதா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை.

இந்தத் தீவில் அவனுக்கு இருந்த கஷ்டம், யாரும் கதவைச் சாத்துவதில்லை என்பது. வேறு நாட்டில் ஊழியம் செய்யும் பையன்கள் முகத்தில் அறைந்து மூடிய கதவுகளைப் பற்றிச் சொல்கிறார்களாம். இங்கே எந்த வீட்டிலும் உள்ளே வா என்பார்கள். உட்கார் என்பார்கள். சேப்பங்கிழங்கும், இலையில் தேங்காய்ப்பாலோடு பொதிந்து வேகவைத்த டின் இறைச்சியும் வரும். பேசி முடிக்கும்வரை தலையாட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோயிலுக்கு வருகிறோம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அவரவர் கோயிலுக்குப் போவார்கள். வந்த விருந்தாளியிடம் இல்லை என்று சொல்வது பண்பில்லை, அவ்வளவுதான். நெபெக்கர் முதல் சில மாதங்கள் எல்லாருக்கும் நாற்காலி போட்டு வைத்து ஏமாந்தான். அதற்குப் பிறகும் போட்டான். "வரேன்னாங்களே" என்பான்.

முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் கெலெபி. அதனால்தான் பையன் அவரை விடாமல் பிடித்துக்கொண்டான்.

லுபே இரண்டு வருஷத்துக்கு முன்பே அந்தச் சபையில் சேர்ந்துவிட்டாள். கெலெபி பிறந்ததிலிருந்து வெஸ்லியன் சபைக்காரர். மனைவிக்குச் சமைத்துக்கொடுப்பார், மூப்பர்களின் சைக்கிளைச் சரிசெய்வார், அவர்கள் வாசிப்பதை உட்கார்ந்து கேட்பார். ஆனால் ஞானஸ்நானம் என்ற பேச்சு எழுந்தால், "மாட்டேன்" என்பார். நெபெக்கர், "ஏன்?" என்பான். கோபமாக அல்ல, பன்றியின் காதைப் பிடிக்கிற அதே முகத்தோடு.

"அக்கா விடமாட்டாங்க." இங்கே கூடப்பிறந்த அக்காவின் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. அந்தக் காரணத்தைக் கேட்டால் எந்த உள்ளூர்க்காரனும் எழுந்து போய்விடுவான். நெபெக்கர் நேராக அக்கா பிசிலாவின் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டான். வெஸ்லியன் பாடகர் குழுவின் தூண் அவள். பாய் முடைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எந்தக் கோயிலுக்குப் போனாலும் அவன் தூங்கத்தான் போறான். எங்க பெஞ்சுல இடம் மிச்சமாகும். கூட்டிட்டுப் போங்க."

அடுத்து டீ. மார்மன்கள் டீ குடிக்கக் கூடாது. டீ இல்லாமல் கெலெபிக்குக் காலையில் கண் திறக்காது. நெபெக்கர் ஆரஞ்சு இலைகளைப் பறித்துவந்து கொதிக்கவைத்துக் கொடுத்தான். அது நன்றாக இருந்தது, சனியன். அதற்கடுத்துப் புகையிலை. அதை அவர் ஏற்கெனவே விட்டிருந்தார் என்பதை லுபே போட்டுக்கொடுத்தாள்.

திங்கட்கிழமைகளில் மூப்பர்கள் துணி துவைத்து, முடி வெட்டி, வீட்டுக்குப் பேசுவார்கள். கெலெபியின் பலாமரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். மஹேயின் அம்மா அழுவாள், மஹே சிரிப்பான். நெபெக்கரின் வீடு அமெரிக்காவின் வயோமிங்கில் ஒரு மலையோரத்தில் இருக்கிறது. அவன் அம்மா தெரிவாள், தங்கைகள் தெரிவார்கள். அப்பா போனை வாங்கினால் மாட்டுக்கொட்டகைதான் தெரியும். ஒவ்வொரு மாட்டின் முன்னாலும் போனைக் காட்டிக்கொண்டே போவார். பையன் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான்.

"உங்க அப்பாவுக்கு மூஞ்சியே கிடையாதா?"

"இருக்கு. அவருக்கு அதக் காட்டப் பிடிக்காது. எனக்கு மாட்டப் பாக்கணும்னு தெரியும், அதக் காட்டுவார்."

அப்படியொரு திங்கட்கிழமை, போனை வைத்தபின், அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்தத் தீவுக்கு வரும்வரை கடலைப் பார்த்தே இராதவன். ஆழத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டான். கெலெபி ஒருகாலத்தில் மூட்டை மூட்டையாகக் கடலட்டை எடுத்த முக்குளிப்பவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

கெலெபி சொல்ல ஆரம்பித்தார். வெளிச்சம் சாய்ந்து இறங்குவதை, பவளப்பாறை பொரிகிற எண்ணெய் மாதிரி சத்தம் போடுவதை, மீன்கள் மனிதனை மதிக்காமல் கடந்து போவதைச் சொன்னார். கை ஆடியது, குரல் ஏறியது. சமையற்கட்டில் லுபே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். எட்டு வருஷமாக அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. காற்றுக்குழாய் படகின் விளிம்பில் மடங்கிய இடத்துக்குக் கதை வந்தது. உறிஞ்சினார், காற்று வரவில்லை. மேலே வரக் கூடாத வேகத்தில் மேலே வந்தார். அங்கே கதையை நிறுத்திவிட்டார். மீதியை எல்லாரும் அறிவார்கள்: இடது கால் அன்று மரத்தது, மரத்ததுதான், முழங்கால் மடங்காது.

யாரும் அறியாதது ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு அவர் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினால் கண்ணை மூடமாட்டார். கால்தான் காரணம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. நினைக்கட்டும் என்று விட்டிருந்தார்.

நெபெக்கர் அவர் நீட்டியிருந்த காலைப் பார்த்தான், பிறகு கடலைப் பார்த்தான். "அக்கா இல்ல, டீ இல்ல. இதானே?"

மார்மன் ஞானஸ்நானம் நெற்றியில் தெளிக்கிற தண்ணீர் அல்ல. கோயில் தொட்டியிலோ கடலிலோ ஆளை முழுசாக உள்ளே அமிழ்த்த வேண்டும். ஒரு முடி வெளியே நின்றாலும் செல்லாது. மறுபடி செய்ய வேண்டும்.

கெலெபி மரத்த காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பையன் ஆறுதல் சொல்லவில்லை. "எனக்கும் தண்ணின்னா பயம்" என்றான். "நீச்சல் தெரியாது. ஊழியத்துல இருக்கறவங்க நீந்தக் கூடாதுன்னு எங்களுக்கு ஒரு விதி. மத்தவங்களுக்கெல்லாம் அது கஷ்டம். எனக்கு அது வசதி. விதி இருக்கு, விதி இருக்குன்னு சொல்லிக்கலாம்."

கெலெபி அவனை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒருவன் அக்காவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான், இன்னொருவன் விதிக்குப் பின்னால். இரண்டு பேருமே கீழ்ப்படிகிறவர்கள் என்று நல்ல பேர் வாங்கியிருந்தார்கள்.

"தொட்டின்னா ஆழம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"இடுப்பு வரைக்கும். அடி தெரியும். நீலக் கலர் அடிச்சிருக்கு."

அப்படித்தான் ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த வருஷம் மழை இல்லை. கூரைத் தண்ணீர் குடிக்கவே போதாதபோது ஞானஸ்நானத் தொட்டியை யார் நிரப்புவது? நெபெக்கர் வந்து உள்ளதைச் சொன்னான். "தொட்டி இல்ல. கடல்தான். இல்லன்னா மழை வர்ற வரைக்கும் காத்திருக்கலாம், தப்பில்ல. ஆனா நான் ஊருக்குப் போயிருப்பேன். வேற மூப்பர் செய்வார்."

"வேற ஆள் கையில நான் விழ மாட்டேன்" என்றார் கெலெபி. சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

சனிக்கிழமை மதியம், ஓதம் நிறைந்த நேரம். பவளத்திட்டு அலையை வெளியிலேயே நிறுத்திவிடுவதால் தண்ணீர் தட்டில் ஊற்றிவைத்ததுபோல் கிடந்தது. சபையின் வெள்ளை உடுப்பு எதுவும் கெலெபிக்குப் போதாமல், லுபே இரண்டு படுக்கைவிரிப்புகளைச் சேர்த்துத் தைத்திருந்தாள். "இதைப் பாய்மரத்துல கட்டினா ஹவாய்க்கே போகலாம்" என்றான் மஹே. கரையில் சபைக்காரர்கள் பாடினார்கள். தள்ளி, குடைக்குக் கீழே பிசிலாவும் அவள் பாடகர் குழுப் பெண்களும், வேடிக்கை பார்க்க வரவில்லை என்ற முகத்தோடு நின்றார்கள்.

சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் மஹே, மறுபக்கம் லுபே, நெஞ்சளவு தண்ணீரில். முழுசாக உள்ளே போனதை இரண்டு பேரும் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது கெலெபியின் மூச்சு மேலேறிக்கொண்டது. பையன் இடது கையால் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்தான். வலது கையை உயர்த்தி, சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னான். கெலெபி அந்தக் கையாலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டார். சாய்த்தான். வானம் போய், தண்ணீர் வந்து, உடனே வானம் வந்தது.

"கால் மேல வந்துடுச்சு" என்றான் மஹே.

மடங்காத இடது கால் நெம்புகோல் மாதிரி எழும்பி, பெருவிரலை மட்டும் வெளியே நீட்டியிருந்தது. குடையின் பக்கத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "அந்த விரல் எங்க சபையோடது! அத விட்டுட்டு மத்தத எடுத்துக்கங்க!" கரை முழுவதும் சிரித்தது. பிசிலா அவள் வாயைப் பொத்தினாள்.

இரண்டாம் தடவை கெலெபி முன்னைவிட அதிகமாகக் காற்றை நிரப்பிக்கொண்டார். மறுபடி விரல். அதோடு மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. எழுந்தபோது பையனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்கினார். அவர் கண்ணில் இருந்தது இந்தக் கடல் அல்ல, எட்டு வருஷத்துக்கு முந்தைய கடல்.

"போதும். விடு. ஒரு விரல்தானே. கடவுள் பாத்துக்குவார்."

"பரவால்ல மூப்பரே, ஒரு விரல்தானே!" கரையிலிருந்தும் சொன்னார்கள். ஊரே தலையாட்டியது. மஹே நெபெக்கரைப் பார்த்தான். அவனும் தலையாட்டத் தயார்தான்.

"இல்ல, ஐயா" என்றான் நெபெக்கர். "இன்னும் ஆகல."

"உனக்கு மனசே கிடையாதாடா?"

"கரைக்குப் போயிடலாம்னா இப்பவே போயிடலாம். நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா ஆச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு, அவர் சரியாமல் இருக்க முதுகுக்குக் கை கொடுத்தான். கெலெபி காலரை விட்டார். போகவும் இல்லை, வரவும் இல்லை. தண்ணீர் இரண்டு பேரையும் லேசாக ஆட்டியது.

"முங்கி அடியில உக்காரணும்னா நீங்கள்லாம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான் பையன். அந்த நேரத்திலும் அவனுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"என்ன பண்ணுவோம். மூச்ச வெளிய விட்டுடுவோம். நெஞ்சுல காத்து இருந்தா அது தூக்கத்தானே செய்யும்—" கெலெபி நிறுத்திக்கொண்டார். குனிந்து, விம்மிப் புடைத்திருந்த தன் நெஞ்சைப் பார்த்தார்.

"விட்டா உள்ள ஒண்ணுமே இருக்காதேடா" என்றார். பையனுக்கு மட்டும் கேட்கும் குரல்.

"நானும் விடறேன்."

மூன்றாம் தடவை. வார்த்தைகள் முடிந்தன. கெலெபி மூக்கைப் பிடிப்பதற்கு முன் இருந்த காற்றையெல்லாம் ஊதி வெளியே விட்டார். பக்கத்தில் பையனும் ஊதுவது கேட்டது. பிறகு அந்தப் பெரிய உடம்பு கல்லைப்போல இறங்கியது. ஒல்லிப் பையனால் தாங்க முடியவில்லை. தலை, டை, பேர் அட்டையோடு அவனும் கூடவே உள்ளே போனான். கெலெபி கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். வெளிச்சம் சாய்ந்து இறங்கியது. பாறை பொரிந்தது. ஒரு சாண் தூரத்தில் நெபெக்கரின் முகம், கன்னம் ஒட்டி, கண் இறுக மூடி, ஆனால் பிடியை விடாமல் இருந்தது.

எழுந்தார்கள். பையன் இருமி இருமிக் கடலைத் துப்பினான்.

"போச்சு! முழுசாப் போச்சு!" மஹே தண்ணீரை அறைந்தான். "மூப்பருக்கும் ரெண்டாவது ஞானஸ்நானம் ஆயிடுச்சு!" கரையில் பாட்டு எழுந்தது. குடைக்காரிகளும் தங்களை மறந்து சேர்ந்துகொண்டார்கள். இரண்டாம் குரலை அவர்கள்தான் சரியாகப் பிடித்தார்கள்.

நெபெக்கர் லுபேயைத் திரும்பிப் பார்த்தான். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"நான் பாக்கல" என்றாள், விரல்களுக்கு உள்ளேயிருந்து. "ரெண்டு பேரும் உள்ள போனீங்களா, கண்ண மூடிட்டேன்."

பாட்டு ஒவ்வொரு குரலாக அறுந்தது. "ஒரு சாட்சி போதாதா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் நெபெக்கரைப் பார்த்தார்கள்.

அவன் லுபேயைக் கடிந்துகொள்ளவில்லை. காலை மணலில் ஊன்றி, மறுபடி கெலெபியின் மணிக்கட்டைப் பிடித்தான். வலது கையை உயர்த்தினான். தலைமுடியிலிருந்து உப்புத் தண்ணீர் சிவந்த கண்களுக்குள் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ள அவனிடம் கை மிச்சமில்லை. வார்த்தையை ஆரம்பிக்க முடியாமல் இமைகளைக் கொட்டிக்கொண்டு நின்றான்.

கெலெபியின் வலது கை, பையன் பிடித்திருந்த பிடியோடு சேர்ந்தே, மெதுவாக மேலே போனது. கட்டைவிரலால் அவனுடைய ஒரு கண்ணைத் துடைத்தது; பிறகு மற்றொன்றை. துடைத்து முடித்ததும் அந்தக் கை தன் மூக்குக்கு வரவில்லை. தண்ணீருக்குள் இறங்கி, அவன் சாய்க்கட்டும் என்று அங்கேயே தளர்ந்து கிடந்தது.